குடிபாலாவின் கோடை: ஒரு பானைக் கூழும் ஒரு மாமரமும்

கோடை விடுமுறை என்றதும் நம்மில் பலருக்கு மனம் மலையேறத் தொடங்கிவிடுகிறது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு எனப் பட்டியல் நீள்கிறது. விடுதி அறைக்கு முன்பதிவு, தொடர்வண்டிக்கு முன்பதிவு, பூங்கா வாயிலில் நெடிய வரிசை என்று நாள்கள் கழிந்து, திரும்பி வரும்போது கைப்பை கனமிழந்திருக்கும், களைப்போ குறைந்திருக்காது. ஒரு கோடையையாவது வெயிலுக்கு அஞ்சி ஓடாமல், வெயிலோடு வாழத் தெரிந்தவர்களிடையே கழிக்க வேண்டும் என்பது நமது நெடுநாள் ஆசை. மே மாதத்தின் கடைசி வாரத்தில் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. வேலூர் வழியாகக் குடிபாலாவுக்குச் செல்கிறோம் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "வெயிலுக்குத் தப்பி வெயிலூருக்கா?" என்பது அவர் கேள்வி.

வேலூரிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலை, கிறிஸ்டியான்பேட்டையில் தமிழக எல்லையை முடித்துக்கொண்டு நரஹரிப்பேட்டையில் ஆந்திரத்துக்குள் நுழைகிறது. அதே சாலையில்தான் குடிபாலாவும் இருக்கிறது. இரு நகரங்களுக்கும் இடையிலான மொத்தத் தொலைவே சுமார் 35 கிலோமீட்டர்தான். சாலையின் இருமருங்கும் பாறைக் குன்றுகள். குன்றுகளின் அடிவாரம்வரை மாந்தோப்புகள். பேருந்தின் பெயர்ப்பலகை தெலுங்குக்கு மாறிவிடுகிறது. பேருந்துக்குள் நடக்கும் பேச்சு மட்டும் ஒரு வாக்கியம் தமிழிலும் மறு வாக்கியம் தெலுங்கிலுமாகத் தன் போக்கில் தொடர்கிறது.

இதற்கு வரலாறு உண்டு. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்நிலம் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. குடிபாலா ஆந்திரத்திலேயே நின்றது. வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் அந்தக் கோட்டை இங்குள்ள சமையலறைகளில் நம்மால் காண முடியவில்லை. வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய் கலந்த பச்சடியை உகாதிக்கு ஒருமுறை, சித்திரை முதல் நாளுக்கு மறுமுறை என ஆண்டுக்கு இருமுறை செய்கிறார்கள். நாம் தங்கிய வீட்டின் மூதாட்டியைப் பேரப்பிள்ளைகள் 'ஆயா' என்று அழைத்தார்கள். அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் 'அவ்வா' என்றார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே குரலில் பதில் சொன்னார்.

அக்கினி நட்சத்திரம் மே மாதத் தொடக்கத்தில் வந்து, மாதம் முடியும் தறுவாயில் விடைபெறும் என்பது தமிழ்க் கணக்கு. அது முடியும்போது இங்கே தெலுங்குக் கணக்கில் ரோகிணி கார்த்தி தொடங்கிவிடுகிறது. அந்த வெயிலில் கல்லுரலும் பிளக்கும் என்பார்கள். ஆக, இரு மொழி பேசும் ஊருக்கு இரண்டு கத்திரி வெயில்! அந்த வெயிலுக்கு இவர்கள் கண்ட விடை, விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

காலை ஏழு மணிக் கூழ்

சமையலறை மூலையில் ஈர மணல்மேல் ஒரு மண்பானை. அதிலிருந்து அகப்பையால் அள்ளி, பித்தளைச் சொம்பில் ஊற்றி, மோர் விட்டுக் கரைத்து, கல்லுப்புச் சேர்த்து நம் கையில் தந்தார் ஆயா. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் நான்கு, வறுத்த மோர் மிளகாய் இரண்டு, கீறிய மாங்காய் ஒரு துண்டு. புளிப்பு முதலில் தெரிகிறது. அதன்பின் கேழ்வரகின் மண்வாசம். இடையிடையே நாவில் தட்டுப்படும் நொய்யரிசி. சொம்பு காலியாவதற்குள் நெற்றி வியர்வை அடங்கிவிட்டிருந்தது.

கூழ் என்பது ஏதோ அவசரத்துக்குக் கரைத்துக் குடிப்பது என்று நகரத்தில் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது மூன்று நாள் வேலை. முதல் நாள் மாலை கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, பானையில் ஆறவிட வேண்டும். மூன்றாம் நாள் காலையில்தான் மோரும் வெங்காயமும். ஒவ்வொரு நாளும் ஒரு பானை முடியும்போது மறு பானை பக்குவமாகிக்கொண்டிருப்பதால், வீட்டில் கூழ் இல்லாத நாளே இருப்பதில்லை.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியோ கோதுமையோ அதன் அருகிலும் வர இயலாது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரத்து அங்காடிகளில் கேழ்வரகு பளபளக்கும் உறைகளில் ஏறி அமர்ந்துகொண்டது. ஆயாவிடம் இதைச் சொன்னோம். "கூழ் குடிச்சா உச்சி வெயில்லயும் களை புடுங்கலாம் சாமி. அது தெரியும். மத்தது எனக்கின்னா தெரியும்?" என்றார்.

இரவில் அதே கேழ்வரகு களியாகிறது. தெலுங்கில் சங்கட்டி என்பார்கள். சூடான உருண்டையின் நடுவே பள்ளம் செய்து நெய் விட்டு, புளிச்சகீரைக் கடைசலோடு விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். நாம் மென்றோம், பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

கிளிமூக்கின் கணக்கு

காலை உணவுக்குப்பின் வீட்டுக்காரர் நம்மைத் தோப்புக்கு அழைத்துச் சென்றார். ஆயாவின் மூத்த மகன், ஐம்பதைக் கடந்தவர். நான்கு ஏக்கர் தோப்பில் பெரும்பகுதி கிளிமூக்கு மாமரங்கள். தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் இந்த ரகத்துக்கு நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருப்பதால் இப்பெயர். பள்ளி வாசலில் பூப்போல் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்களே, அதே காய். ஆனால் சித்தூர் வட்டாரக் கிளிமூக்கின் பெரும்பகுதி யார் கையிலும் பழமாகச் சேர்வதில்லை. அது ஆலைக்குப் போய்க் கூழாகிறது. நாட்டின் பல பகுதிகளிலும் வெளிநாடுகளிலும் புட்டிகளில் விற்கும் மாம்பழச் சாறுகளுக்கு அடிப்படை இந்த மாங்கூழ்தான். சித்தூரைச் சுற்றி இத்தகைய ஆலைகள் பல உள்ளன.

முதலில் வருவது பங்கனபள்ளி. கர்நூல் பகுதியில் பிறந்து 2017இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். மே முழுதும் அதன் ஆட்சி. அது ஓயும்போது கிளிமூக்கு வரத் தொடங்கி, சூலை கடக்கும்வரை லாரிகளை நிரப்புகிறது. நீலம் கடைசியாக வரும். நீலத்தின் கொட்டைக்குள் ஒரு கருவண்டு குடியிருப்பதும், பழத்தை அறுக்கும்போது அது வெளிவந்து நம்மைப் பார்ப்பதும் சிறுவயதில் நமக்குப் பெரிய வேடிக்கை. வண்டு இருந்தால் பழம் இனிப்பு என்று அன்று நம்மை நம்பவைத்திருந்தார்கள்.

தோப்புக்காரரின் ஓராண்டு வருவாய் ஏறத்தாழ அறுபது, எழுபது நாளுக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நாள்களில் விலை சரிந்தால் ஆண்டே சரிந்தது போலத்தான். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அதுதான் நடந்தது. விளைச்சல் மிகுந்தது, ஆலைகளிலோ முந்தைய ஆண்டின் மாங்கூழ் விற்காமல் தேங்கியிருந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை வைத்தது. ஆலைகள் 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் தரும் என்பது ஏற்பாடு. அவ்வாண்டு சூன் மாதம் அண்டை மாநிலக் கிளிமூக்கு சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்றும் தடை விதிக்கப்பட்டது. எல்லைக் கோட்டை ஒருபோதும் பொருட்படுத்தாத ஊரில், அந்தக் கோடையில் மாங்காய்க்கு மட்டும் எல்லை வந்தது.

"காய் பறிக்கிற கூலி, வண்டி வாடகை, ஆலை வாசல்ல ரெண்டு ராத்திரி காவல், இதெல்லாம் போக இன்னா நிக்கும் சொல்லுங்க சார்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நாம் வங்கி இதழிலிருந்து வருகிறோம் என்பதால் கேள்வியில் சற்று உரிமையும் இருந்தது. நம்மிடம் அதற்கு முழு விடை இல்லை. அவர் உழவர் கடன் அட்டை வைத்திருக்கிறார். 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய நாளில் செலுத்தினால் 3 விழுக்காடு சலுகை போக 4 விழுக்காடுதான். அந்த 'உரிய நாள்' பயிரின் அறுவடைக்கும் விற்பனைக்கும் ஏற்பக் குறிக்கப்பட வேண்டும் என்பது திட்டத்தின் நெறி. மா பயிரிடும் வாடிக்கையாளர்கள் தங்கள் தவணை நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்பதைக் கிளையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆலைப் பணம் கைக்கு வருமுன் தவணை வந்து நின்றால், மூன்று விழுக்காட்டுச் சலுகை வீணாகிப் போகும். இவரும் நாம் சொல்லித்தான் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

யாரும் வாங்காத மாங்காய்

தோப்பின் வடகிழக்கு மூலையில், வரப்பையொட்டி, மற்ற மரங்களைப்போல் இரு மடங்கு உயரத்தில் ஒரு மாமரம் நின்றது. ஒட்டு மரமன்று; கொட்டையிலிருந்து தானே முளைத்த நாட்டு மரம். அதன் வயது யாருக்கும் தெரியாது. ஆயா மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோதே அவருடைய மாமியார் இம்மரத்துக் காயில் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாராம். காய் கைப்பிடி அளவுதான். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். உள்ளே நார், நாரைப் பிழிந்தால் தேன்போல் சாறு. கத்தி இதற்கு உதவாது. பழத்தை உள்ளங்கையில் உருட்டி இளக்கி, காம்புப் பக்கம் சிறு துளையிட்டு உறிஞ்ச வேண்டும். சாறு முழங்கைவரை வழியும். அதைப் பொருட்படுத்துகிறவர் இந்தப் பழத்துக்குத் தகுதியானவரல்லர்.

எந்த வியாபாரியும் இதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பெட்டியில் அடுக்கினால் நசுங்கும், நிறமும் இல்லை. ஆகவே இந்தக் காய் முழுவதும் ஊருக்குத்தான். இரவில் காற்று வீசினால் விடியுமுன் பிள்ளைகள் கூடையோடு ஓடுகிறார்கள். காற்றுக்கு விழுந்தது எடுத்தவருக்கு என்பது இத்தெருவின் வழக்கம். வீட்டுக்காரரின் பேரன் காலை ஐந்து மணிக்கே நம்மை உலுக்கி எழுப்பினான். டார்ச் விளக்கு வெளிச்சத்தில் சருகுகளைக் கிளறி நாம் ஏழு பழம் பொறுக்கினோம். அவன் இருபத்துமூன்று.

ஊறுகாய்க்கு மரமேறிப் பறிக்க வேண்டும். கொட்டை முற்றி, ஓடு கத்திக்கு இடம் கொடுக்கும் பருவம். விழுந்த காய் உதவாது. அடிபட்ட இடத்தில் பூஞ்சை வந்துவிடும். காயை நீரில் கழுவி, துணியால் ஈரமற ஒற்றி எடுத்து, ஓட்டோடு துண்டு போடுகிறார்கள். நான்கு படித் துண்டுக்கு ஒரு படி மிளகாய்த்தூள், ஒரு படி கடுகுத்தூள், ஒரு படிக்குச் சற்றுக் குறைவான உப்பு. மூழ்கும்வரை நல்லெண்ணெய். பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, மூன்றாம் நாள் ஒருமுறை கிளறிவிட்டு மீண்டும் கட்டிவைத்தால், ஒரு மாதத்தில் ஆவக்காய் ஆயத்தம். கிளிமூக்கில் போட்டால் ஆறு மாதத்தில் துண்டு குழைந்துவிடும். இந்தக் காய் இரண்டாம் ஆண்டிலும் கடிபடும் என்பது ஆயாவின் கணக்கு.

பழுக்க வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பங்கனபள்ளியைக் காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பிய இருட்டறையில் ஐந்தாறு நாள் வைக்கிறார்கள். அறைக்குள் நுழைந்ததும் வருகிற மணம் இருக்கிறதே, அதற்காகவே குடிபாலாவுக்குப் போகலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. ஒரே சீராக மஞ்சளாகி, முகர்ந்தால் மணமில்லாத பழத்தைக் கண்டால் சற்றுத் தயங்குங்கள்.

இந்த நாட்டு மரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நம் பகுதி மா ரகங்களில் பெரும்பாலானவை கொட்டை போட்டால் தாயைப்போல் வருவதில்லை. மகரந்தம் எங்கிருந்தோ வருகிறது; பிள்ளை மரம் வேறொரு மரமாகிறது. ஆகவே கொட்டையில் முளைத்த ஒவ்வொரு மரமும் தன்னளவில் ஒரு தனி ரகம். ஊருக்குப் பத்து மரம் இருந்தால் பத்துச் சுவை. ஒன்றை வெட்டினால் அந்தச் சுவை வேறெங்கும் இல்லை. அதைக் காக்க ஒரே வழி, அம்மரத்தின் இளந்தளிர்க் குச்சியை எடுத்து மற்றொரு கன்றில் ஒட்டுக் கட்டுவது. பங்கனபள்ளியும் கிளிமூக்கும் இன்று லட்சக்கணக்கில் நிற்பது அப்படித்தான்.

அந்த வடகிழக்கு மூலை, இரண்டு ஆண்டுக்கு முன் நடந்த பாகப்பிரிவினையில் தம்பியின் பங்குக்குப் போய்விட்டது. தம்பி பெங்களூருவில் பணி செய்கிறார். நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள நிலம் மனையாக நல்ல விலை போகிறது; மரத்தை எடுத்துச் சமன்செய்து கொடுத்தால் இன்னும் கூடுதல் விலை. பலகைக்காரர் ஒருவர் மரத்தை அளந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறார். மாம்பலகையில் பழப்பெட்டி செய்வார்கள் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வந்தது, சொல்லாமல் விட்டோம்.

"தம்பிகிட்ட மரத்தை விட்டுடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை சார். அது அவன் பாகம். அவன் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. பணம் வேணும்தானே? நான் சொன்னா கேட்டுக்குவான். அதனாலயே சொல்லக்கூடாது" என்றார் வீட்டுக்காரர்.

ஆயா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் பக்கம் சொல்வார்? இருவரும் அவர் பிள்ளைகள்.

நிழலும் நீரும்

பகல் பதினொரு மணிக்குமேல் குடிபாலா வட்டாரத்தில் எவரும் வெயிலில் நிற்பதில்லை. புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் விழுகிறது. வேர்க்கடலை உரிக்கும் பெண்கள், தாயம் ஆடும் முதியோர், உறங்கும் நாய். மாசி, பங்குனியில் உலுக்கிய புளியை இங்கேதான் கொட்டை நீக்கி உருண்டையாக்குகிறார்களாம். குன்றின் புதர்களிலிருந்து பிள்ளைகள் களாக்காய் கொண்டுவந்தார்கள். பால் நாவில் ஒட்டும். உப்போடு தின்றால் கண் சுருங்கும்.

நுங்கு வெட்டுகிறவர் ஒருவர் மிதிவண்டியில் இரு குலைகளோடு வந்தார். தெலுங்கில் முஞ்சலு. அரிவாளின் ஒரே வீச்சில் தலை சீவி நீட்டினார். மூன்று கண்; கட்டை விரலை உள்ளே விட்டு நெம்பினால் பனிக்கட்டி போன்ற சதை நீரோடு வாய்க்குள் நழுவுகிறது. மேல்தோலைத் துவர்ப்புக்கு அஞ்சி உரிக்காதீர்கள், அதுதான் வயிற்றுக்கு நல்லது என்றார். காலிக் கூந்தல் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்து, கவைக்கொம்பால் தள்ளிப் பிள்ளைகள் வண்டி ஓட்டினார்கள். நாமும் சிறிது தொலைவு ஓட்டினோம். நம் வண்டி வளைவில் கவிழ்ந்தது.

முன்பு ஏரிக்கரையிலேயே வெட்டியவர் இப்போது மூன்று ஊர் சுற்றித்தான் இரண்டு குலை சேர்க்கிறாராம். சாலை அகலமானபோது சில மரங்கள் போயின, வயல் மனையானபோது சில, செங்கற்சூளைக்குச் சில. பனை ஆண் மரமா பெண் மரமா என்பது அது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில மண்ணில் இன்னும் அதிகம் ஆகும். நட்டவருக்கே நுங்கு கிடைக்குமா என்ற உறுதியில்லாத மரத்தை எவர் நடுவார்? ஆனாலும் இவர் ஆண்டுதோறும் ஏரிக்கரையில் ஐம்பது கொட்டை ஊன்றுகிறார். "முளைச்சதுல பாதிய மாடு மிதிக்குது. மீதி நிக்குது" என்றார்.

மாலையில் கிணறு. நாற்பதடி ஆழக் கற்கிணறு. அதில் பாதிக்குமேல் வறண்ட சுவர். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் திறந்த கிணறுகளில் நீர் நிற்பதில்லை. இந்தத் தெருவைச் சுற்றியுள்ளவற்றில் நீந்துமளவு நீருள்ளது இது ஒன்றே. அதனால் ஊர்ப் பிள்ளைகள் முழுவதும் இங்கேதான். முன்னாளில் நீச்சல் பழகுவோர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார்கள். இப்போது நெகிழிக் கேன். கயிற்றை மேலே ஒரு பெரியவர் பிடித்திருந்தார்; கடைசிப் பிள்ளை ஏறும்வரை அவர் கண் நகரவில்லை. விடுமுறைக்குக் கிராமம் செல்லும் வாசகர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் நீர்நிலைகளில் குழந்தைகளை இழக்கிறோம். பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் எவரும் இறங்கக்கூடாது.

இரவு, சற்றுத் தொலைவிலிருந்த ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்து. சித்தூர் மாவட்டச் சிற்றூர்களிலும் வட ஆற்காட்டிலும் கோடையில் பதினெட்டு நாள் நடக்கும் விழா இது. பிற்பகலில் பாரதக் கதை சொல்கிறார்கள். இரவு பத்துக்குமேல் முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, விடியும்வரை கூத்து. கட்டியங்காரன் தமிழில் ஒரு கேலி சொல்லி, அதைத் தெலுங்கில் திருப்பும்போது வேறொரு கேலியாக்குகிறான். கூட்டம் இருமுறை சிரிக்கிறது. வறுத்த வேர்க்கடலை, பாய், தலையணை, உறங்கும் குழந்தைகள். காற்று பின்னிரவில்தான் குளிர்ந்தது.

நாம் சென்றது அர்ச்சுனன் தபசு நாள். திடலின் நடுவே நெடிய பனைமரத்தை நட்டு, படிக்கட்டைகள் அடித்திருந்தார்கள். அர்ச்சுனன் வேடமிட்டவர் பாடியபடியே ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் திருநீறும் வீச, கீழே பிள்ளைவரம் வேண்டிய பெண்கள் முந்தானை விரித்துக் காத்திருந்தார்கள். கடைசி நாள்களில் களிமண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளமும், தீமிதியும் நடக்கும். நம் அருகில் அமர்ந்திருந்த நுங்குக்காரர் அந்தப் பனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க ஏரிக்கரை மரம்" என்று மெல்லச் சொன்னார். அதற்குமேல் கதையில் ஆழ்ந்துவிட்டார்.

துணி துவைக்கும் கல்லருகே

புறப்படும் நாள் காலையில் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்கருகில் ஒரு கருப்பு நெகிழிப் பை கண்ணில் பட்டது. அதில் ஒரு மாங்கன்று, முழங்கால் உயரம், தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பு.

"போன வருஷம் மழைக்கு நர்சரிக்காரர் வந்து மூலை மரத்துக் குச்சியில ஆறு கட்டினாரு. அஞ்சு காய்ஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் புடிச்சது" என்றார் வீட்டுக்காரர். தம்பி கிரையம் முடிக்க ஆவணிவரை நாள் கேட்டிருக்கிறார். அதற்குள் இந்த மழைக்காலம் வந்துவிடும். இம்முறை இருபது கட்டச் சொல்லியிருக்கிறார், இரண்டு தம்பிக்கு. பெங்களூரு வீட்டு மாடியில் பெரிய தொட்டியில் வைக்கட்டும் என்கிறார். ஒட்டுக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகும். ஆயாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கை கழுவும் தண்ணீரை அந்தப் பையில் விட வேண்டும் என்று பேரனுக்கு உத்தரவு. அவன் மறந்தால் ஆயாவே விடுகிறார்.

மூலை மரத்துப் பழங்கள் பத்தை நம் பையில் வைத்தார் ஆயா. கொட்டையை வீட்டுப் பிள்ளைகள் நடுவார்கள் என்றோம். "நடட்டும். எது வருதோ அதுக்கு நீங்க பேர் வையுங்க" என்றார்.

பிறகு உள்ளே சென்று, வாயைத் துணியால் கட்டிய சிறு ஜாடியொன்றைக் கொண்டுவந்தார். முந்தைய வாரம் போட்ட ஆவக்காய். ஒரு மாதம் தொடக்கூடாது, ஈரக் கரண்டி போடக்கூடாது, எண்ணெய் குறைந்தால் காய்ச்சி ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என மூன்று கட்டளைகள். சித்தூரிலிருந்து வந்த பேருந்தில் அந்த ஜாடியை மடியில் வைத்தபடி நரஹரிப்பேட்டையைக் கடந்தோம். இதை எழுதும் இன்று, ஆயா சொன்ன மாதத்தில் இன்னும் பதினோரு நாள் மீதமிருக்கிறது.